கருவில் வளரும் அமானிதமும் வீட்டுக்குள் விடும் புகையும்

(நமது அறக்கட்டளை நடத்திய தாய் சேய் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் மனதை மிகவும் கனக்கச் செய்பவை, குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்காக வருபவை. ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ பிறந்து, இன்குபேட்டரில் கிடக்கும் சிசுவுக்காக வாப்பாவோ பாட்டனாரோ ஆஸ்பத்திரி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். ஜகாத், ஸதகா நிதியிலிருந்து நம்மால் இயன்றதைக் கொடுக்கிறோம். கொடுப்பதற்கான வசதியைத் தந்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஆனால் கொடுத்து அனுப்பியதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா என்ற கேள்வி நிர்வாகக் குழுவில் திரும்பத் திரும்ப எழுந்தது. அதன் விளைவுதான் இன்றைய கூட்டம்.

37 வாரம் நிறைவதற்கு முன் நடக்கும் பிரசவத்தைக் குறைமாதப் பிரசவம் என்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் ஏறத்தாழ 30 லட்சம் நம் இந்தியாவில். எந்த நாட்டையும்விட இங்கேதான் அதிகம். இதற்குக் காரணங்கள் பல. இரத்த அழுத்தம், நோய்த்தொற்று, இரட்டைப் பிள்ளை, தாயின் உடல்நிலை என்று டாக்டர்கள் ஒரு பட்டியலே சொல்வார்கள். அவற்றில் பல நம் கையில் இல்லை. ஆனால் ஒன்று நம் கையில்தான் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், நம் ஆண்களின் இரண்டு விரல்களுக்கு நடுவில் இருக்கிறது. சிகரெட், பீடிப் புகையைத்தான் சொல்கிறோம்.

"அவன் பிடிக்கிறான், அவன் நெஞ்சு கெடுகிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கு நல்ல பதில் ஸ்காட்லாந்திலிருந்து கிடைத்திருக்கிறது.

பிரிட்டனின் வடபகுதியில் இருக்கும் ஸ்காட்லாந்தில், 2006 மார்ச் 26 முதல், சுவரும் கூரையுமாக அடைபட்ட பொது இடங்கள், பணியிடங்கள் அனைத்திலும் புகைபிடிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2004இல், அண்டை நாடான அயர்லாந்து இதே போன்ற சட்டத்தை நாடு முழுவதும் கொண்டுவந்திருந்தது. ஸ்காட்லாந்தில் ஒரு வசதி உண்டு. பிள்ளை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எடை எவ்வளவு, தாய் புகைபிடிப்பவரா என்பதெல்லாம் பிரசவப் பதிவேட்டிலேயே இருக்கும். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996 முதல் 2009 வரை நடந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களின் பதிவுகளை எடுத்து, சட்டத்துக்கு முன் எப்படி, பின் எப்படி என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

குறைமாதப் பிரசவங்கள் 10 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன. கர்ப்ப காலத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாமல் சிறுத்துப் பிறக்கும் குழந்தைகளும் சுமார் 5 சதவீதம் குறைந்திருந்தார்கள். தாய்மார்களுக்குப் புதிதாக எந்த மருந்தும் கொடுக்கவில்லை, ஊசியும் போடவில்லை. பிறர் இருக்கும் இடத்தில் புகை விடாதே என்றார்கள், அவ்வளவுதான். நூறு குறைமாதப் பிரசவங்கள் நடந்திருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூறாகக் குறைந்தன. அந்தப் பத்துக் குடும்பங்களின் கண்ணீர் மிச்சம்.

இதில் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் பெண்களும் புகைபிடிப்பார்கள். சட்டத்துக்கு முன் கர்ப்பிணிகளில் 25.4 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள். பின்னர் அது 18.8 சதவீதமாகக் குறைந்தது. அதனால் வந்த நன்மை ஒரு பங்கு. ஆனால் வாழ்நாளில் ஒருபோதும் புகைக்காத கர்ப்பிணிகளிடமும் குறைமாதப் பிரசவம் குறைந்தது. அவர்கள் எதையும் விட்டுவிடவில்லை. அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் புகை விடுவது குறைந்தது. இது முதல் செய்தி.

இரண்டாவது செய்தி, இந்த மாற்றம் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பே தென்படத் தொடங்கியது. அபராதம் போட ஆள் வருவதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது. மனம் வைத்தால் மாறலாம் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

ஒரு நாட்டுக் கணக்கு போதுமா என்று கேட்கலாம். பெல்ஜியம் நாட்டில் தடை மூன்று படிகளாக வந்தது. 2006இல் பணியிடங்கள், 2007இல் உணவகங்கள், 2010இல் உணவு பரிமாறும் மதுக்கூடங்கள். ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்தபோது, தடை விரிய விரியக் குறைமாதப் பிரசவம் குறைந்தது தெரிந்தது. தடைக்கு முந்தைய ஆண்டுகளில் அப்படிக் குறையும் போக்கு இல்லை. பிறகு 2014இல், வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த 11 ஆய்வுகளைத் தொகுத்து, 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளைக் கணக்கில் எடுத்த ஆய்வு ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதிலும் குறைமாதப் பிரசவம் சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது. ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கையும் அதே அளவு குறைந்திருந்தது.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பிறப்பு எடை விஷயத்தில் இவ்வளவு தெளிவான பலன் அந்தத் தொகுப்பில் தெரியவில்லை. முன்னும் பின்னும் ஒப்பிடும் கணக்குகளில் வேறு காரணங்களும் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆண்டுகளில் வந்த சட்டங்கள் ஒரே திசையில் பலன் காட்டும்போது, அதை ஒதுக்கிவிட முடியாது.

புகை எப்படிக் கருவரை போகிறது? ஒரு சிகரெட்டின் புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. கார்பன் மோனாக்சைடு என்ற வாயு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பிள்ளைக்கு மூச்சும் உணவும் நஞ்சுக்கொடி வழியாகத்தான் போகின்றன. அந்த வழி சுருங்கினால், வரும் இரத்தத்திலும் ஆக்சிஜன் குறைந்தால், உள்ளே இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? வெளியே எழுந்து போகவும் முடியாது, ஜன்னலைத் திறக்கவும் முடியாது. தாய் சுவாசிப்பதுதான் அதன் உலகம். தாம் புகைக்காமல் பிறர் விடும் புகையில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு, பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறக்கும் ஆபத்து 23 சதவீதம் கூடுதல் என்று 2011இல் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டறிந்தார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். சட்டம் நம்மிடமும் இருக்கிறது. பொது இடத்தில் புகைப்பதை கேரள உயர் நீதிமன்றம் 1999இல் தடை செய்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புகைக்காத மனிதர் பிறர் புகையால் ஏன் உயிருக்கு ஆபத்தைச் சுமக்க வேண்டும் என்று கேட்டு, நாடு முழுவதும் பொது இடங்களில் தடை விதித்தது. 2003இல் புகையிலைப் பொருட்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆஸ்பத்திரி, அலுவலகம், பள்ளி, பேருந்து, ரயில், சினிமா தியேட்டர், மண்டபம், சாப்பாட்டுக் கடை, பணியிடம் எல்லாம் இதில் அடங்கும். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். இடத்தின் உரிமையாளரும் நிர்வாகியும்கூடப் பொறுப்பாளிகள். 30 பேரோ அதற்கு மேலோ அமரும் உணவகங்கள், 30 அறையோ அதற்கு மேலோ உள்ள தங்கும் விடுதிகள், விமான நிலையங்கள் ஆகியவற்றில் புகைப்போருக்குத் தனி இடம் வைக்கச் சலுகை உண்டு. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் சிகரெட், பீடி விற்கவும் கூடாது.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அது நம் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. எந்த அதிகாரியும் நம் முற்றத்துக்குள் வந்து அபராதம் எழுத மாட்டார். அங்கேதான் நம் பிரச்சினையே இருக்கிறது.

2016-17இல் மத்திய அரசு நடத்திய தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைபிடிக்கிறார்கள். பெண்களில் 2 சதவீதம் பேர்தான். அடைபட்ட பணியிடங்களில் பிறர் புகையை சுவாசிப்போர் 30.2 சதவீதம். வீட்டிலேயே சுவாசிப்போர் 38.7 சதவீதம். சட்டம் காவல் நிற்கும் இடத்தைவிட, நாம் "என் வீடு" என்று சொல்லும் இடத்தில்தான் புகை அதிகம்.

ஸ்காட்லாந்தில் பலன் வந்ததற்கு ஒரு காரணம், அங்கே பெண்களே புகைப்பதைக் குறைத்தது. நம் வீடுகளில் பெண்கள் விடுவதற்கு எதுவும் இல்லை. நம் மகளின், மருமகளின் வயிற்றைச் சென்றடையும் புகை முழுவதும் ஆண்கள் விடும் புகை. எனவே இங்கே மாற வேண்டியவர்களும் ஆண்கள் மட்டுமே. 2004ஆம் ஆண்டுக்கான ஓர் உலகக் கணக்கு, பிறர் புகையால் அந்த ஓராண்டில் ஆறு லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பெண்களும் குழந்தைகளும். பிடித்தவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர் இன்னொருவர். இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். புகையிலை நம் இமாம்களின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்பு வந்த பொருள். அது மக்ரூஹா, ஹராமா என்று உலமாக்களிடையே பேச்சு உண்டு. அந்த மஸ்அலாவை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறோம். ஆனால் பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதில் எந்த மத்ஹபிலும் இரண்டு கருத்து இல்லை. அது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. பச்சைப் பூண்டோ வெங்காயமோ தின்றவர், அந்த வாடையோடு பள்ளிக்கு வந்து பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லை தர வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வெங்காயம் ஹலால். அதன் வாடை யாருடைய நுரையீரலையும் கெடுப்பதில்லை. அதற்கே இந்த அதபு என்றால், கருவையே தாக்கும் புகைக்கு என்ன அதபு வேண்டும்?

கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்களைப் பற்றி நபியவர்கள் சொன்ன உவமையை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். தண்ணீருக்காக மேலே ஏறி இறங்குவதற்குப் பதில், எங்கள் பங்கில் நாங்கள் ஓட்டை போட்டுக்கொள்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள், கையைப் பிடித்தால் எல்லோரும் பிழைப்பார்கள். "என் வீடு, என் காசு, என் சிகரெட்" என்பதும் அந்த ஓட்டைதான். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு மூச்சும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ரமளான் நோன்பு ஃபர்ளு. ஆனால் கர்ப்பிணி, தன் பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று பயந்தால் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்ய அனுமதி இருக்கிறது. ஹனஃபியானாலும் ஷாஃபியானாலும் இந்தச் சலுகை உண்டு. பிறக்காத பிள்ளைக்காக ஒரு ஃபர்ளையே ஒத்திவைக்க மார்க்கம் இடம் தருகிறது. நாம் ஒரு சிகரெட்டை ஒத்திவைக்க மாட்டோமா?

நடைமுறைக்கு வருவோம். "நான் ஜன்னலோரமாகத்தான் பிடிக்கிறேன்", "ஃபேன் போட்டுவிட்டுத்தான் பிடிக்கிறேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிறர் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2006ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. ஃபேன் புகையைப் பரப்பும், அழிக்காது. ஜன்னலும் போதாது. அடுத்த அறையும் போதாது. வீட்டை விட்டு முழுவதுமாக வெளியே போவது ஒன்றே வழி. அதுவும் விடும்வரைக்கான வழிதான். முடிவான வழி, அறவே விடுவது.

"எங்கள் உம்மா காலத்தில் வீடு முழுக்கப் புகைதான், நாங்கள் பத்துப் பேரும் நல்லபடியாகப் பிறக்கவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பிறந்து வளர்ந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். அதே உம்மாமார்களுக்குத் தங்காமல் போன பிள்ளைகள் எத்தனை என்று அந்தக் காலத்தில் யாரும் கணக்கு எழுதவில்லை.

நம் வீடுகளின் நிலையைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். கல்யாணமாகி வந்த பிள்ளை, மாமனாரிடம் போய், "மாமா, வெளியே போய்ப் பிடியுங்கள்" என்று சொல்லுமா? மரியாதை தடுக்கும். புருஷனிடம் சொன்னாலும் சண்டையாகிவிடும் என்று பயப்படும். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடும். அதனால் இதைக் கேட்கும் சுமையை மருமகள் மேல் போடாதீர்கள். மாமியார் சொல்ல வேண்டும். மகன் தன் வாப்பாவிடம் பணிவாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது, வீட்டுப் பெரியவரே ஒரு நாள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "இனி இந்த வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது, நான் உட்பட" என்று சொல்லிவிடுவது. அவர் சொன்னால் அந்த வீட்டில் அதுவே சட்டம். வரும் விருந்தாளியும் மீற மாட்டார்.

வெளியே தடை வந்தால், ஆண்கள் வீட்டுக்குள் வந்து புகைப்பார்கள் என்ற அச்சம் ஸ்காட்லாந்திலும் இருந்தது. பதினொரு வயதுக் குழந்தைகளின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். சட்டத்துக்குப் பின், அதில் இருந்த புகையிலையின் அடையாளம் 39 சதவீதம் குறைந்திருந்தது. வெளியே தடுத்த புகை வீட்டுக்குள் புகுந்ததற்கான அறிகுறி இல்லை. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும், இன்ஷா அல்லாஹ்.

ஆகவே அறக்கட்டளை சார்பில் நான்கு விஷயங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று: கர்ப்பிணி இருக்கும் வீட்டில், கரு உறுதியான நாளிலிருந்து புகை வேண்டாம். பேறுகாலம் முடிந்தும் வேண்டாம். கைக்குழந்தையின் நுரையீரலுக்கும் காதுக்கும் அதே புகை பகை. தாய் வீட்டுக்குப் பேறுகாலத்துக்கு வரும் மகளுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். காரிலும் ஆட்டோவிலும் அவர்கள் இருக்கும்போது யாரும் பற்ற வைக்க வேண்டாம்.

இரண்டு: நிக்காஹ், வலீமா நடக்கும் ஷாதி மஹால்களில் சட்டப்படியே தடை இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுப் பந்திக்கு வெளியே தாழ்வாரத்தில் கூட்டமாக நின்று புகைப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். மண்டபம் எடுப்பவர்களே இதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். நமது அறக்கட்டளை நடத்தும் எந்த நிகழ்ச்சியிலும், வாசற்படிக்கு உள்ளே மட்டுமல்ல, வளாகத்துக்குள்ளும் புகைக்க அனுமதி இல்லை.

மூன்று: மதரஸாவும் கல்வி நிலையம்தான். அதைச் சுற்றியுள்ள கடைக்காரச் சகோதரர்களிடம், 100 கஜம் என்ற விதியை ஜமாஅத் சார்பில் அன்போடு நினைவூட்ட வேண்டும். சிறுவர்களிடம் "ஒரு பாக்கெட் வாங்கி வா" என்று காசு கொடுத்து அனுப்பும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பதே குற்றம்.

நான்கு: விட நினைப்பவர்களைக் கேலி செய்யாமல் கைகொடுப்போம். நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள். விட்டவுடன் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி வரும். முதல் சில நாட்கள் கடினம். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசி ஆலோசனை பெறலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அந்த எண் அச்சிடப்படுகிறது. புகைக்குப் பதிலாக ஹான்ஸ், ஜர்தா என்று மாறிக்கொள்வது விடுதலை ஆகாது. நோன்பு நாட்களில் சஹரிலிருந்து இஃப்தார் வரை ஒன்றுகூடப் பிடிக்காமல் இருப்பவர், தம்மால் முடியாது என்று சொல்ல முடியாது. பகல் முழுவதும் அல்லாஹ்வுக்காக முடிந்தது, இரவிலும் முடியும்.

தாய்மார்களே, நீங்கள் கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும்போது, வீட்டில் யாராவது புகைப்பவர் இருந்தால் டாக்டரிடமோ நர்ஸிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டு ஆண்களைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். பிள்ளையின் பக்கம் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்குபேட்டர் செலவுக்கு உதவி கேட்டு யார் வந்தாலும் அறக்கட்டளை தொடர்ந்து கொடுக்கும். காரணம் கேட்டு யாரையும் குத்திக்காட்ட மாட்டோம். புகையே இல்லாத வீட்டிலும் குறைமாதப் பிள்ளை பிறக்கும். அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் தவிர்க்க முடிந்த ஒரு காரணத்தைத் தவிர்க்காமல் விட்டுவிட்டு, அதையும் நாட்டத்தின் மேல் போடுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட வேண்டும்.

நம் வயிறுகளில் வளரும் அமானிதங்களை நிறைமாதமாக, நலமாக நம் கைகளில் சேர்ப்பிக்கவும், அவர்களைக் காக்கும் பொறுப்பை நாம் உணர்ந்து நடக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.